வானப்போர் நூல்களும் வெட்சி மரபும்

இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்தின் போர்வானூர்தி வீரர் கடற்கால்வாயைக் கடந்து பகைப்புலத்தின்மேற் சென்று பொருத செய்தியைக் கூறும் நூல்கள் பல. 1940-ஆம் ஆண்டின் காப்புப்போர் பெற்ற புகழை இம்மேற்செலவு பெற்றிலது. ஆயினும் புறத்திணை பயில்வார்க்கு ஆராய்ச்சிக்குரிய பொருள் இதன்கண்ணேதான் மிகுதி என்பது நம் கருத்து.

இச்செலவுகளுக்கு வீரர் இட்ட பெயர்கள் விளையாட்டுப் போன்றவை. முகில் மறைவில் இருவர் மூவராய்த் தாழப் பறந்து எதிர்ப்பட்டதைத் தாக்கி மீளுதல் ‘ரூபார்ப்’. குண்டுவீச்சு ஊர்திகள் சிலவற்றை நடுவே விடுத்துப் பெரும்படை சூழச் செல்லுதல் ‘சர்க்கசு’. இதன் முதற் செலவு 1941 சனவரி 10-ஆம் நாள் நிகழ்ந்தது. குண்டெறிதல் ஈண்டுத் தலையாய நோக்கமன்று. செருமானிய வீரரை வலிய வெளிக்கொணர்ந்து பொருதலே நோக்கம்.

வெட்சியின் உள்ளீடும் இதுவே. வேந்தன் விடுத்த மறவர் களவில் ஆநிரை கொள்வது பகைவனைப் போருக்கு ஈர்க்கும் தொடக்கமாம். மீட்க வருவோரின் வினையைத் தொல்காப்பியர் வெட்சியுள் அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை எனத் தனித்திணையாக்கிற்று. வேறுபாடொன்றும் உண்டு. ஆங்கு இரையாவது பகைவரது நிரை; ஈங்கு இரையாக விடப்பட்டவை தம்முடைய குண்டுவீச்சு ஊர்திகளே, உள்ளே ஆட்களும் இருந்தனர்.

வென்றோர் எண்ணிக்கையில்தான் சிக்கல் தோன்றுகிறது. 1941 சூன் நடுப்பகுதி முதல் ஆண்டிறுதி வரை 731 பகை ஊர்திகளை வீழ்த்தியதாக ஆங்கிலேயர் கணக்கிட்டனர். போருக்குப்பின் செருமானியர் ஏடுகளைக் கொண்டு நோக்கியபோது அவர் இழந்தவை 154 என்றே தெரிந்தது. அவற்றுள்ளும் சில பொருதலால் வீழ்ந்தன அல்ல. ஆங்கிலேயர் இழந்தவையோ நானூற்றுக்கு மேற்பட்டன. இதனைப் பொய் என்று ஒதுக்குதல் முறையன்று. ஓர் ஊர்தியை மூவர் சுடுவர்; மூவரும் தமதென எண்ணுவர். புகை கக்கிச் செங்குத்தாக இறங்கித் தப்பிய ஊர்தி வீழ்ந்ததாகவே தோன்றும். தன் நாட்டு மண்ணில் வீழ்ந்ததைச் சென்று எண்ணலாம்; பகைநாட்டு மண்ணில் எவர் எண்ணுவார்?

ஆகவே இந்நூல்களை இருவகையாகக் கொள்ளலாம். பிரெஞ்சு வீரர் குளோசுத்தர்மன் 1948-இல் வெளியிட்ட ‘பெருஞ்சர்க்கசு’, சான்சன் 1956-இல் எழுதிய ‘அணித்தலைவன்’ ஆகியன தாம் பட்டறிந்தவற்றைக் கூறுவன. அச்சத்தையும் களைப்பையும் அறிய இவையே துணை. எண்ணிக்கைக்கு இவற்றை மட்டும் நம்புதல் ஆகாது. டொனால்டு கால்டுவெல் (நம் ஒப்பிலக்கண ஆசிரியர் அல்லர்) 26-ஆம் செருமானியப் போர்வானூர்திப் படையின் நாட்குறிப்பை 1996-லும் 1998-லும் இரு தொகுதிகளாக்கி, இருபுறச் சான்றுகளையும் நாள்தோறும் ஒப்பிட்டார். பதிற்றுப்பத்தின் வெற்றிகளை எண்ணும் நாம், தோற்றோர் ஏடு நமக்குக் கிட்டாத குறையை ஈண்டு நன்கு உணர்கிறோம்.

மீனம்பாக்கம், தாம்பரம் ஆகிய வானூர்தித் தளங்களுக்கு அணித்தே உள்ள அனகாபுத்தூரில் இருந்து இதனை ஆராயும் நமக்கு மற்றொரு தொடர்பும் உண்டு. அரச வான்படையின் 79, 234, 264 ஆகிய எண்ணுடைய அணிகள் ‘சென்னை மாகாணம்’ என்னும் பெயர் தாங்கியவை. போர் நிதிக்கு ஈந்த மாகாணங்களின் பெயரை அணிகளுக்குச் சூட்டுதல் அக்கால வழக்கு. இவற்றுள் 234-ஆம் அணி 1941-இல் கால்வாய்க்கு அப்பால் மேற்செலவு புரிந்தது. 264-ஆம் அணி, 1940 மே 29-ஆம் நாள் தன்கெர்க்கு வானில் 37 ஊர்திகளை வீழ்த்தியதாக உரிமை கொண்டாடியது. மேற்கூறிய மிகைக்கு இதுவும் சான்று. கொடுத்தோர் மாகாணத்தின் பெயர் நூல்களில் பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் நின்றுவிடுகிறது.

பறந்த இந்தியரின் குரல் ஒன்றேனும் நூலாயிற்று. 1940-இல் இங்கிலாந்து சென்ற இருபத்துநான்கு இந்திய வானோடிகளுள் ஒருவரான மகிந்தர் சிங் புச்சி, 1941-இல் அரிக்கேன் ஊர்தியில் பிரான்சின்மேற் பறந்தவர். அவர் தம் வரலாற்று நூல் 2010-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். ‘அரசனுக்கும் அயல்நாட்டுக்கும்’ எனப் பொருள்படும் அதன் தலைப்பு, எவர் நாட்டுக்காகப் பொருதோம் என்னும் வினாவை உள்ளடக்கியது. வெட்சி மறவர்க்கு இவ்வினா இல்லை. விடுத்த வேந்தன் அவர்தம் வேந்தனே.