காணிக்காரரும் காணியும்

'காணி' என்னும் சொல்லுக்குப் பொருள் நம்மவர்க்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பரம்பரை உரிமையுள்ள நிலமே காணி. அச்சொல்லையே தம் பெயராகக் கொண்ட குடியினர் திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே அகத்தியமலைச் சாரலில் வாழ்கின்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், இராஜா கேசவதாசர் திவானாயிருந்த நாளில், சாலைக் கடைவீதி உருவாயிற்று. அதற்கு முன்பிருந்தே அம்மலையில் வாழ்ந்து வருபவர் இவர். எனினும் பெயரிலுள்ள காணி கைக்கு வந்ததா என்பதே கேள்வி.

முன்னாளில் இவர்கள் காட்டின் ஒரு பகுதியைத் திருத்தி நெல்லும் கிழங்கும் பயிரிட்டு, சில ஆண்டுகளில் அதனைவிட்டு வேறிடம் செல்வர். மண் மீண்டும் வளம் பெறும்வரை அங்கே திரும்பார். எவர் எங்கே பயிரிடுவது என்பதை மூட்டுக்காணி என்னும் தலைவர் தீர்ப்பார். பிலாத்தி என்பவர் பூசையும் மருத்துவமும் பார்ப்பார். பத்திரம் ஏதும் இல்லை. ஓணத்தின்போது தேனும் வாழைக்குலையும் சுமந்து வந்து அரண்மனையில் காணிக்கை வைப்பது வழக்கம். அரசருக்கும் தமக்கும் உள்ள உறவுக்கு அவர்கள் அதையே சாட்சியாகக் கொண்டனர்.

1893இல் திருவிதாங்கூரில் காட்டுச் சட்டம் பிறந்தது. காடு சர்க்காரின் சொத்தாயிற்று. இடம் மாற்றிப் பயிரிடுவது கட்டுப்பாட்டுக்குள்ளாயிற்று. தேனும் மெழுகும் சேகரித்துக் காட்டிலாகாவுக்குக் கொடுப்பது அவர்கள் வேலையாயிற்று. மறுபுறம் பொன்முடி, போனக்காடு போன்ற மலைகளில் ஐரோப்பியத் துரைமார் தோட்டம் போட்டனர். அத்தோட்டங்களுக்கு வேலையாட்கள் எங்கிருந்து வந்தனர்? பெரும்பாலும் நம் பக்கத்துத் தமிழ்ச் சீமையிலிருந்துதான். வறுமை துரத்த வந்தவர்கள் அவர்கள். யாரையும் துரத்த வந்தவர்கள் அல்லர். ஆயினும் குடியேறியவர் வரலாற்றை எழுதும்போது, முன்பிருந்தவர் வரலாற்றையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மை என்பது நம் அபிப்பிராயம்.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்தது. கலிபோர்னியாவின் தென்பகுதியில் கவீயா என்னும் பழங்குடியினர் உளர். 1852ஆம் ஆண்டு ஜனவரியில் தெமெகுலாவில் அவர்களோடு அரசாங்கத்தார் உடன்படிக்கை செய்துகொண்டனர். நிலம் ஒதுக்குவதாக அதில் வாக்களித்தனர். செனட் சபை அவ்வாண்டிலேயே அதை ஏற்க மறுத்தது. 1905 வரை அக்காகிதம் இரகசியமாகவே கிடந்தது. பின்னர் இரயில் வந்தது. இரயில்வே எழுத்தராகிய நமக்கு இச்செய்தி சற்று உறுத்துகிறது. பாம் ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் சதுரங்கப் பலகைபோல் நிலத்தைச் சதுரமைல்களாகப் பிரித்து, ஒற்றை எண் கட்டங்களை இரயில்வே கம்பெனிக்குக் கொடுத்தார்கள். 1876, 1877ஆம் ஆண்டுகளின் ஆணைகளால் அப்பழங்குடியினருக்கென ஒதுக்கியவை இரட்டை எண் கட்டங்களே.

இங்கே காணிக்காரருக்குக் கட்டமும் இல்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, அந்த ஒரே குடியினர் இரு மாநிலத்தாராயினர். நெய்யாறு, பேப்பாறை, களக்காடு-முண்டந்துறை என அவர்கள் வாழும் காடுகள் ஒவ்வொன்றாக வனவிலங்குச் சரணாலயங்களாயின.

1987இல் ஆராய்ச்சியாளர் சிலர் இம்மலையில் ஏறினர். வழிகாட்டிய காணிக்காரர் ஏதோ ஒரு காயைத் தின்றபடி களைப்பின்றி நடப்பதைக் கண்டு விசாரித்தனர். முதலில் சொல்லத் தயங்கியவர்கள் பிறகு காட்டிக்கொடுத்த செடியே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் மருந்துச் சாலை ஒன்றுக்கு உரிமம் அளித்தனர். கட்டணம் 10 லட்சம் ரூபாய்; விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு வேறு. இதில் பாதி காணிக்காரருக்கு என்று தீர்மானித்து, 1997இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. உலகமெங்கும் இதைப் புகழ்ந்தனர். புகழத்தக்கதே. ஆனால் காணிக்காரர் அச்செடியைப் பயிரிட்டு விற்க முற்பட்டபோது காட்டிலாகா தடுத்தது. காட்டுச் செடியையே பிடுங்கிவிடுவார்கள் என்பது இலாகாவின் அச்சம். அதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அறிவு அவர்களுடையது, செடி நிற்கும் மண் அவர்களுடையதன்று என்னும் நிலை அங்கே வெட்டவெளிச்சமாயிற்று.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதனை மாற்றும் வழியைத் திறந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் குடியிருந்து நிலத்தை அனுபவித்து வரும் பழங்குடியினர் கிராம சபையில் உரிமை கோரலாம். பத்திரம் இல்லாதார்க்கு, உரிமை கோருவோர் அல்லாத ஊர் முதியோர் சொல்வதை எழுதி வைத்தாலும் அது சான்றாகும். மூட்டுக்காணியின் நினைவிலிருந்த எல்லை, இப்போதுதான் காகிதத்தில் ஏறத் தொடங்கியிருக்கிறது.