கல்லுக்கு ஒரு கூலிங் கிளாஸ்!

குமாரலிங்கபுரம் பக்கத்து மானாவாரிக் காட்டில் விளையாடி வளர்ந்தவங்களுக்கு இந்த ரகசியம் தெரியும். ஓடையில் கிடக்கிற கல் வெயிலில் வெளிறி, சாம்பல் பூசின மாதிரி இருக்கும். ஒரே ஒரு மழை பெய்யட்டும்... சிவப்பு, தேன் கலர், கறுப்பு வரின்னு பளிச்னு முழிச்சுப் பார்க்கும். மழையில்லாத மாசத்துல? எச்சில் தொட்டுத் தடவினா போதும்!

அந்தக் கலர் எப்பவும் கல்லுக்குள்ளதான் இருக்கு பாஸ். காய்ஞ்ச கல்லோட சொரசொரப்பான மேல்பக்கம் வெள்ளை வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிச்சு அதை மூடிடுது. தண்ணி அந்தச் சொரசொரப்பை நிரப்பி மூடியைத் திறக்குது. அவ்வளவுதான் மேட்டர்.

கல்லை நனைக்காமலே அந்த மழைக் கலரைக் க்ளோசப்பில் படமெடுக்க முடியுமா? முடியும். அதுக்குப் பேர் கிராஸ் போலரைசேஷன்!

கப்பலில் ஒரு சோதனை

இந்த வித்தைக்கு அண்ணன், திருச்சியில் பிறந்த நம்ம சி.வி.ராமன் செய்த ஒரு சோதனை. 1921-ல் இங்கிலாந்திலிருந்து 'நார்குண்டா' கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். 'வானத்தோட நீலம்தான் கடலில் பிரதிபலிக்குது' என்று பெரிய பெரிய விஞ்ஞானிகளே சொல்லிவந்த நேரம். ராமன் நிகோல் பட்டகம் என்கிற குட்டிப் போலரைசரை வைத்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை வெட்டிவிட்டுப் பார்த்தார். அப்பவும் கடல் நீலமாகவே இருந்தது! நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது என்று 'நேச்சர்' இதழுக்கு எழுதினார்.

இதில் நம்ம ஏரியாவுக்கும் ஒரு சொந்தம் உண்டு. நிகோல் பட்டகம் செய்யப்படுவது கால்சைட் படிகத்தில். அருப்புக்கோட்டை பக்கம் பந்தல்குடியில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமும் அதே கால்சைட்தான்!

ஜன்னல் கம்பி லாஜிக்

வெளிச்ச அலை எல்லாத் திசையிலும் அதிரும். லைட்டுக்கு முன்னால் போலரைசர் ஷீட்டை வெச்சா ஒரே திசையில் அதிர்ற அலை மட்டும் வெளியே வரும். அது கல் மேல பட்டு அப்படியே எகிறினா திசை மாறாது. அதுதான் கண்ணைக் கூச வைக்கிற பளபளப்பு. கல்லுக்குள்ள புகுந்து சிதறி வர்ற வெளிச்சமோ திசையெல்லாம் கலைஞ்சு, கல்லோட நிஜக் கலரைச் சுமந்துட்டு வரும். லென்ஸ் ஃபில்டரை 90 டிகிரி குறுக்கே திருப்பினா பளபளப்பு அவுட், கலர் மட்டும் உள்ளே!

முதல் வருஷ பிசிக்ஸில் படிச்ச மாலஸ் விதி ஞாபகம் இருக்கா? 90 டிகிரிக்குப் பதிலா 80-ல் நிறுத்தினா சுமார் 3 சதவீதம் தப்பி வந்துடும். பளபளப்பு அவ்வளவு பிரகாசம் என்பதால் அந்த 3 சதவீதமே படத்தில் வெள்ளைத் திட்டா விழும்.

செட்டப் ரெடியா?

* கல்லுக்கு ரெண்டு பக்கமும் 45 டிகிரியில் எல்.இ.டி. லைட். ஹாலஜன் வேண்டாம், சூட்டில் ஷீட் சுருண்டுடும்.

* ரெண்டு லைட்டுக்கும் போலரைசர் ஷீட், ஒரே திசையில். லென்ஸுக்கு சி.பி.எல். ஃபில்டர்.

* கல் இருக்கிற இடத்தில் எவர்சில்வர் ஸ்பூன் வைங்க. முதல் லைட்டை மட்டும் போட்டு, ஸ்பூனில் தெரியும் பல்பு மங்கும்வரை லென்ஸ் ஃபில்டரைத் திருப்புங்க. அடுத்த லைட்டுக்கு ஃபில்டரைத் தொடாம அதோட ஷீட்டைத் திருப்புங்க.

* இதில் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகவே குறையலாம். 1/60 செகண்டில் எடுத்த படத்துக்கு 1/8 செகண்ட் வேணும். ட்ரைபாடும் டைமரும் கட்டாயம்.

* ஷீட்டுக்கே லேசான கலர் உண்டு. ஒயிட் பேலன்ஸை ஷீட் போட்ட பிறகு செட் பண்ணுங்க.

எங்கே காலை வாரும்?

நம்ம மாவட்டத்து வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரையில் 2022-ல் அகழாய்வு தொடங்கியது. 2024-ல் மூன்றாம் கட்டத்தில் காளை உருவம் பொறித்த சூதுபவளம் கிடைத்தது. அந்த மாதிரிக் கல்லை கிராஸ் போட்டு மட்டும் எடுத்தா சிவப்பு ஜோரா வரும். காளை காணாமப் போயிடலாம்! ஏன்னா செதுக்கலைக் காட்டிக்கொடுப்பதே மேற்பரப்பு பளபளப்பும் நிழலும்தான். உலோகப் பளபளப்புள்ள கனிமங்களும் கறுத்துடும்.

அதனால் எப்பவும் ரெண்டு படம். ஒண்ணு கலருக்கு, கிராஸில். இன்னொண்ணு செதுக்கலுக்கு, ஃபில்டர் எதுவும் இல்லாமல், தரையோட தரையா ஒரு பக்கத்திலிருந்து மட்டும் லைட் அடிச்சு. அளவு தெரிய பக்கத்தில் ஒரு ஸ்கேல்.

இது வெறும் அழகுக்காக இல்லை. உழவு காட்டிலும் கண்மாய்க் கரையிலும் பழைய பொருட்கள் இன்னும் தட்டுப்படுது. கல்வெட்டைப் படிக்க எண்ணெய் தடவுறது, சாக்பீஸால் இழுக்கிறது, பிரஷ் போட்டுத் தேய்க்கிறது எல்லாமே கல்லுக்குக் கேடு. மழைக் கலர் ஆசையில் கண்டெடுத்த கல்லை நனைக்கிறதும் வேண்டாம். ஒட்டியிருக்கிற மண்கூட ஆராய்ச்சியாளருக்குத் தகவல். வெளிச்சம் ஒண்ணுதான் தொடாம விசாரிக்கும்.

அந்த மாதிரி ஏதாவது கண்ணில் பட்டா, கிடந்த இடத்தோட சேர்த்துப் படமெடுங்க, பெயர்த்தெடுக்காதீங்க. கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தார் ஆபீஸிலோ சொல்லுங்க. கல்லை அங்கேயே விட்டுட்டு, கலரை மட்டும் கையோட கொண்டு வாங்க!