ராஜா வீட்டுக் கண் வைத்தியம்

சாப்பாட்டில் கல் கடிபட ஆரம்பித்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. எங்கள் வீட்டில் அரிசி பொறுக்குவது அத்தையின் வேலை. முறத்தை முகத்தருகே வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்!

டாக்டர், "இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துவிடலாம்" என்றார். அத்தையோ, "முத்தட்டும், பாத்துக்கலாம்" என்று ஒரே பிடிவாதம். நந்தியாவட்டைப் பூவை ஒற்றியே ஒரு வருஷம் ஓடியது. பூவுக்கும் சொட்டு மருந்துக்கும் புரை கரையாது என்று சொன்னால் கேட்டால்தானே!

கடைசியில் எனக்குக் கைகொடுத்தவர் நம் தஞ்சாவூர் சரபோஜி ராஜா. 1798ல் பட்டமேறினார். மறுவருஷமே ராஜ்ய நிர்வாகத்தைக் கும்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. புத்தகம், வைத்தியம் என்று இறங்கிவிட்டார். தன்வந்தரி மகாலில் நாட்டு வைத்தியத்தையும் இங்கிலீஷ் வைத்தியத்தையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். அங்கே வந்த கண் நோயாளிகளின் விவரங்கள் இங்கிலீஷில், கண்ணை வர்ணத்தில் வரைந்த படங்களோடு, இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. ராஜாவே கத்தி பிடித்தார் என்றும் சொல்வதுண்டு.

மயக்க மருந்தோ, மரத்துப்போகும் சொட்டு மருந்தோ இல்லாத காலம் அது. நினைத்தாலே நடுங்குகிறது!

கண்ணுக்குள் தெளிவாக இருக்கும் லென்ஸ், வயதாக ஆகப் பால் கலந்த தண்ணீர்போல மங்குவதுதான் புரை. அதை ஊசியால் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவது பழைய முறை. நம் சுசுருதர் காலத்திலிருந்து உண்டு. வெளிச்சம் வரும், ஆனால் பின்னால் கண் வீங்கிக் கெட்டுப்போனவர்கள் அநேகம். 1747ல் பிரான்சு தேசத்து ழாக் தாவியேல் என்ற டாக்டர், புரையை வெளியே எடுத்தே காட்டினார். எடுத்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைத்தது 1949ல், லண்டனில் ஹெரால்ட் ரிட்லி.

இப்போது முற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. ரொம்ப முற்றிக் கெட்டியானால்தான் எடுப்பது சிரமமாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து, அநேகமாக அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை, "ராசாவே பாத்த வைத்தியமா?" என்றார். மறுவாரம் வலது கண் ஆனது.

கட்டுப் பிரித்து, டாக்டர் சொன்ன நாள் கழிந்ததும் முறத்தை வாங்கினார். நான் பொறுக்கி வைத்த அரிசியிலிருந்து நாலு கல்லை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு, "இடது கண்ணு எப்போடீ?" என்றார்.