பேசும் போனும் பேசாத பொத்தானும்

பார்வையற்றவர் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் போனிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதன் பெயர் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் 2009ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. விரல் தொடும் இடத்தில் இருப்பதை வாய்ஸ்ஓவரும் டாக்பேக்கும் சொல்லும். இருமுறை தட்டினால் அது இயங்கும். இரண்டிலும் தமிழ்க் குரலும் உண்டு.

சிக்கல் தொடங்குவது செயலிகளில்தான். படம் மட்டுமே உள்ள ஒவ்வொரு பொத்தானுக்கும் நிரலாளர் பெயர் எழுதி வைத்தால்தான் திரைவாசிப்பானால் அதைச் சரியாகப் படிக்க முடியும். எழுதாவிட்டால் வெறுமனே 'பொத்தான்' என்கிறது. அதைத் தட்டினால் பணம் போகுமா, ரத்தாகுமா என்று தெரியாது. படத்தில் உள்ள எழுத்தைக் கண்டு தட்டச் சொல்லும் கேப்ட்சாவும், கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பும் பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

அப்போது அடுத்தவரிடம் போனையும் பின் எண்ணையும் கொடுக்க நேர்கிறது. மோசடிக்கு அதுவே வழி. ஓடிபி உரக்கப் படிக்கப்படுவதும் ஆபத்து. பொது இடத்தில் இயர்போன் அணிவதும், திரையை இருட்டாக்கிவிட்டு ஒலியை மட்டும் கேட்டு இயக்கும் வசதியைப் பயன்படுத்துவதும் பாதுகாப்பு.

அணுகல் வசதி சலுகையன்று, சட்ட உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவு, அன்றாட மின்னணுப் பொருட்கள் எல்லோரும் பயன்படுத்தும் வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 46ஆம் பிரிவு அரசு, தனியார் என இரு தரப்புச் சேவை நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேஒய்சியில் கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி தரவும் உத்தரவிட்டது.

செயலி தடுத்தால், எந்தத் திரையில் எந்தப் பொத்தான் படிக்கப்படவில்லை என்பதைத் தேதியுடன் குறித்து, திரைப்பதிவும் சேர்த்து, முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். புகார் எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். மற்றச் சேவைகளுக்கு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமோ, மத்திய அரசின் தலைமை ஆணையரிடமோ மனு அளிக்கலாம். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் இவர்களுக்கு உண்டு.