சாரணரும் சாரணியரும்: ஒரே படையா, இரு படைகளா?

சிறுவர்களுக்கெனத் தோன்றிய சாரண இயக்கத்தில் சிறுமியரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்னும் வினா, உலகின் பல நாடுகளில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. சிலர் இதனை மேல்நாட்டாரின் வீண் வழக்கு என எண்ணக்கூடும். ஆனால் மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் பெண் மக்களைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பத்தாராகிய நமக்கும் இவ்வினா உரியதேயாகும். அது எவ்வாறு தோன்றியது, பிற நாடுகள் அதற்கு என்ன விடை கண்டன, நம் நாட்டின் ஏற்பாடு யாது என்பவற்றை முறையாகக் காண்போம்.

1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரவுன்சீ என்னும் சிறு தீவில், பேடன் பவல் என்னும் படைத்தலைவர் ஏறத்தாழ 20 சிறுவர்களைக் கொண்டு ஒரு பாசறை நடத்தினார். கூடாரம் அடித்தல், முடிச்சுப் போடுதல், தடம் அறிதல், காயம்பட்டவருக்கு முதலுதவி செய்தல் ஆகியவற்றை விளையாட்டோடு விளையாட்டாகக் கற்பித்தார். மறு ஆண்டு அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அதைப் படித்த சிறுவர்கள் ஊர்தோறும் தாமாகவே படை அமைத்துக்கொண்டனர். அந்நூலைப் படித்தவர்கள் சிறுவர்கள் மட்டுமல்லர். 1909 செப்டம்பரில் இலண்டன் கிரிஸ்டல் பாலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சில சிறுமியரும் சீருடையணிந்து வந்து நின்றனர். தாங்களும் சாரணரே என்றனர். அவர்களை அழைத்தவர் எவருமில்லை. வேண்டாவென்று திருப்பி அனுப்பவும் இயலவில்லை.

பேடன் பவல் இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டார். தம் தங்கையார் ஆக்னஸ் பேடன் பவலைத் தலைவியாகக் கொண்டு, 1910இல் சிறுமியர்க்கெனத் தனி இயக்கத்தைத் தொடங்கினார். அதற்கு அவர் சூட்டிய 'கைடு' என்னும் பெயர், இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பணியாற்றிய 'கைட்ஸ்' என்னும் படைப்பிரிவை நினைந்து எடுக்கப்பட்டது. வழிகாட்டி என்பது அதன் பொருள். பெண் வழிகாட்டி என்னும் கருத்து தமிழருக்குப் புதிதன்று. புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலனையும் கண்ணகியையும் அழைத்துச் சென்றவர், வழியின் அருமையும் இடரும் நன்கறிந்த கவுந்தியடிகள் அல்லரோ? அதே சிலப்பதிகாரத்தில் சாரணர் என்போர் அறம் உரைத்துத் திரியும் சமண முனிவராக வருகின்றனர். அப்பழஞ்சொல்லையே இன்று நாம் இவ்வியக்கத்திற்கு வழங்குகிறோம். சிறுவரைச் சாரணர் என்றும், சிறுமியரைச் சாரணியர் என்றும் அழைக்கிறோம்.

இனி நம் நாட்டு வரலாற்றைக் காண்போம். 1909இல் பெங்களூரில் சாரணர் படை தொடங்கியது. 1911இல் ஜபல்பூரில் சிறுமியர் படை தோன்றியது. ஆனால் தொடக்கத்தில் ஐரோப்பியருடையவும் ஆங்கிலோ இந்தியருடையவும் பிள்ளைகளுக்கே சாரணர் படையில் இடமிருந்தது. இந்தியச் சிறுவனுக்கு இடமில்லை. இந்நிலையை ஏற்காத அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலுடன் சேர்ந்து 1916இல் சென்னையில் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தை நிறுவினார். அதனையடுத்து மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்சுரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் அலகாபாத்தில் சேவா சமிதியின் சாரணர் சங்கத்தை அமைத்தனர். வாயிலுக்கு வெளியே நின்ற பிள்ளைகளுக்காகப் பெரியோர் முயன்று வாயிலைத் திறந்த வரலாறு இது. இதனை நாம் மறத்தல் தகாது. இன்று வெளியே நிற்பது யார் என்று கேட்பதற்கு இவ்வரலாறே நமக்கு உரிமை தருகிறது.

விடுதலைக்குப் பின், நேருவும் மௌலானா ஆசாதும் ஊக்குவிக்க, பிரிந்து கிடந்த சங்கங்கள் 1950 நவம்பர் 7ஆம் நாள் ஒன்றாயின. பாரத சாரணர் சாரணியர் சங்கம் பிறந்தது. 1951 ஆகஸ்டு 15ஆம் நாள் சிறுமியர் சங்கமும் அதனோடு இணைந்தது. ஆகவே ஒரே சங்கம், ஒரே கொடி, ஒரே உறுதிமொழி என்னும் நிலையை இந்தியா அன்றே எய்திவிட்டது. ஆயினும் அச்சங்கத்திற்குள் பிரிவுகள் இரண்டு. சிறுவர்க்குக் குருளையர், சாரணர், திரிசாரணர் என மூன்று படிகள். சிறுமியர்க்கு நீலப்பறவையர், சாரணியர், திரிசாரணியர் என மூன்று படிகள். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகள், அவற்றிற்குத் தலைமை தாங்கும் மாணவர் அல்லது மாணவி, படிப்படியாகத் தேர்ச்சி பெற்று எய்தும் இராஷ்டிரபதி விருது ஆகியவை இரு பிரிவினர்க்கும் பொது. சாரணியர் படைக்குத் தலைமை தாங்குபவர் பெண்ணாகவே இருத்தல் வேண்டும் என்பது மட்டும் தனி விதி.

பிற நாடுகள் வேறு வழியில் சென்றன. பிரிட்டனில் சாரணர் சங்கம் 1976இல் மூத்த பிரிவில் மட்டும் பெண்களைச் சேர்த்தது. 1991இல் எல்லாப் பிரிவுகளையும் திறந்தது. 2007 முதல் எந்தப் படையும் சிறுமியரை மறுக்கக்கூடாது என்றாயிற்று. ஆயினும் சிறுமியர்க்கு மட்டுமேயான சங்கமும் அங்கே தனியாக நடந்து வருகிறது. அமெரிக்காவில் சிறுவர் சாரணர் சங்கம் 2018இல் இளையோர் பிரிவிலும், 2019 பிப்ரவரியில் மூத்தோர் பிரிவிலும் சிறுமியரைச் சேர்த்தது. இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 1000 சிறுமியர் அச்சங்கத்தின் தலையாய 'கழுகு' விருதை எய்தினர். இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். மூத்தோர் பிரிவில் சிறுவரையும் சிறுமியரையும் அவர்கள் ஒரே படையில் கலந்துவிடவில்லை. பாடமும் விருதும் ஒன்றாயிருக்க, படைகளைத் தனித்தனியாகவே தொடங்கினர். 1912 முதல் பெண்களுக்கென இயங்கி வந்த மற்றொரு சங்கம் இம்மாறுதலை எதிர்த்து 2018 நவம்பரில் வழக்குத் தொடுத்தது. 2022இல் நீதிமன்றம் அதனைத் தள்ளியது. 2025 பிப்ரவரியில் சிறுவர் என்னும் சொல்லே அச்சங்கத்தின் பெயரிலிருந்து நீங்கிவிட்டது.

இரு தரப்பினரின் வாதத்திலும் வலிமை உண்டு. தனிப்படை வேண்டும் என்போர் கூறுவது யாது? இருபாலாரும் கலந்த இடத்தில் கூடாரத்தின் கயிற்றைச் சிறுவன் பிடிப்பான். அடுப்பின் முன் சிறுமி அமர்த்தப்படுவாள். தனிப்படையிலோ, கயிறும் வரைபடமும் தலைமையும் அவள் கையிலேயே இருக்கும், கூச்சமின்றிப் பேசுவாள், பெண் தலைவியின் துணையிருப்பதால் பெற்றோரும் பாசறைக்கு மனமொப்பி அனுப்புவர். ஒரே படை வேண்டும் என்போர் கூறுவது யாது? தனி என்று ஒதுக்கப்படுவது பெரும்பாலும் குறைவாகவே கிடைக்கும். நல்ல மைதானமும் பொருளும் சிறுவர்க்கே முதலில் போய்ச் சேரும். நாளை ஒரே அலுவலகத்தில் பணிபுரியப் போகிறவர்கள் இன்று ஒருவர் திறமையை ஒருவர் மதிக்கக் கற்பது நன்று. காலமும் இவர்கள் பக்கம் சாய்கிறது. 1948இல் தோன்றிய தேசிய மாணவர் படை மறு ஆண்டே மாணவியர் பிரிவைத் தொடங்கியது. தேசியப் பாதுகாப்புக் கழகமோ பெண்களைச் சேர்க்க 2022 வரை ஆயிற்று. அதுவும் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே.

நம்மைப் பொறுத்தவரை, இவ்வாதத்தில் எந்தப் பக்கம் வெல்கிறது என்பதைவிட முதன்மையான கேள்வி ஒன்றுண்டு. ஒரு பள்ளியில் சாரணர் படை இருக்கிறது; சாரணியர் படை இல்லை என வைத்துக்கொள்வோம். பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் இல்லை என்பதே காரணமாக இருக்கலாம். சட்டப்படி சிறுமியர்க்குக் கதவு திறந்திருக்கிறது. நடைமுறையில் அக்கதவின் பின்னே அறையே இல்லை. அப்பள்ளியில் பயிலும் பெண்ணுக்கு, நாட்டில் ஒரே சங்கம் உண்டு என்பதால் என்ன பயன்?

இழப்பும் சிறிதன்று. மாதுங்காவில் இரயில்வே தொழிற்சாலையை அறியாத தமிழர் இல்லை. மத்திய இரயில்வேயும் மேற்கு இரயில்வேயும் தத்தமக்கெனச் சாரணர் அமைப்புகளைக் கொண்டவை. இரயில்வே வேலைகளில் சாரணர் சாரணியர்க்கெனச் சிறியதோர் ஒதுக்கீடு உண்டு. அதற்கு வேண்டிய தகுதிகளில் இராஷ்டிரபதி விருதும் ஒன்று. விருதுக்குரிய படிகளை ஏறச் சில ஆண்டுகள் ஆகும். பள்ளியில் படை இல்லாத பெண் முதற்படியிலேயே நின்றுவிடுகிறாள். வேலை ஒருபுறமிருக்க, தாராவியின் நெருங்கிய சந்துகளில் வளரும் சிறுமிக்கு ஓரிரவு திறந்த வெளியில் கூடாரத்தில் தங்குவதும், தீக்காயத்திற்கு உடனே என்ன செய்வதென்று அறிவதும், ஏழு தோழியரை நடத்திச் செல்வதும் வேறு எங்கே வாய்க்கும்?

'பெண் பிள்ளையை இரவில் வெளியே தங்க விடுவதா?' என்று தாய்மார் கேட்பர். வெளியூரில் உற்றார் துணையின்றி வாழும் குடும்பங்களில் இவ்வச்சம் இயல்பே. அதனை இகழ்தல் கூடாது. ஆனால் அச்சத்திற்கு மருந்து தடையன்று, ஏற்பாடே. உடன் வரும் ஆசிரியை யார், தங்குமிடம் எது, கழிப்பிட வசதி உண்டா, பெற்றோர் வந்து பார்க்கலாமா என்று கேட்டறிந்து அனுப்புதல் அறிவுடைமை. உலகச் சாரணியர்க்கென அமைந்த மையங்களுள் ஒன்று, மும்பையிலிருந்து சில மணி நேர இரயில் பயணத்தில், புனேயிலேயே இருக்கிறது. 1966 அக்டோபரில் திறக்கப்பட்ட அதன் பெயர் 'சங்கம்'. பல நாட்டுப் பெண்கள் அங்கு வந்து தங்கிச் செல்கின்றனர். கடல் கடந்து அவர்கள் வர, நம் பெண்கள் காட்கோபரைத் தாண்டவும் அஞ்சுவது பொருந்துமா?

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில. முதலாவதாக, பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில், சாரணியர் படை உண்டா என்று கேட்டல் வேண்டும். இல்லையெனில், ஆசிரியை ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புமாறு வேண்டுதல் தகும். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளிலும் இக்கேள்வி எழவேண்டும். இரண்டாவதாக, பள்ளியைச் சாராத பொதுப் படைகளை அமைக்கவும் சங்க விதிகள் இடமளிக்கின்றன. இசைவிழாவும் இலக்கிய விழாவும் திறம்பட நடத்தும் நம் தமிழ்ச் சங்கங்கள், ஒரு சாரணியர் படையையும் பேணலாம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியைகளும் செவிலியரும் நம்மிடையே பலர் உளர். அவர்களே தகுந்த தலைவியர். சிவாஜி பூங்காவில் சாரணர் மண்டபம் இருக்கிறது. மாதுங்காவிற்கும் தாராவிக்கும் அது தொலைவன்று. மூன்றாவதாக, எவ்வளவு முயன்றும் தனிப்படை அமைக்க இயலாத இடங்களில், பெண் தலைவி ஒருவரின் பொறுப்பில் சிறுமியரையும் உள்ள படையிலேயே பயிலவிடுமாறு விதியைத் தளர்த்தும்படி சங்கத்தைக் கேட்பது முறையே.

படை ஒன்றா இரண்டா என்பது அந்தந்த இடத்தின் வசதியைப் பொறுத்தது. படையே இல்லாத நிலை மட்டும் எந்தப் பெண்ணுக்கும் நேர்தல் ஆகாது. வரும் ஜூன் திங்களில் மும்பைப் பள்ளிகள் திறக்கும்போது, நம் பெண் பிள்ளைகளின் பொருட்டு இக்கேள்வியைத் தலைமையாசிரியரிடம் கேட்போமாக.