புதுப்பித்த பின் எழாத வீட்டுச் சர்வர்

விளக்கு, மின்விசிறி, கேமரா, தண்ணீர் மோட்டார் என வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒரே திரையிலிருந்து இயக்க உதவும் ஹோம் அசிஸ்டன்ட், 2013-இல் பௌலஸ் ஸ்கௌட்சன் பைத்தான் மொழியில் தொடங்கிய திறமூல மென்பொருள். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியே அதற்குப் போதும். மாதந்தோறும் புதிய பதிப்பு வரும். பதிப்பின் எண்ணிலேயே ஆண்டும் மாதமும் இருக்கும்: 2024.6 என்றால் 2024 ஜூன்.

புதுப்பித்த பின் 8123 என்ற போர்ட்டில் வழக்கமான பக்கம் திறக்காவிட்டால், மென்பொருள் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவுவோர் பலர். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. சிக்கல் அநேகமாக அமைப்புக் கோப்பின் ஏதோ ஒரு வரியில்தான் இருக்கும்.

அந்தக் கோப்பு யாமல் என்ற வடிவில் எழுதப்படுவது. எது எதற்குள் அடங்கும் என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிகளே அதில் தீர்மானிக்கின்றன. ஓர் இடைவெளி கூடினாலோ குறைந்தாலோ பொருளே மாறிவிடும். வரித் தொடக்கத்தில் டேப் விசையை யாமல் ஏற்பதே இல்லை. மேற்கோள் குறி இல்லாமல் ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் அவை சொற்களாக அல்ல, உண்மை, பொய் என்ற தருக்க மதிப்புகளாகப் படிக்கப்படும். 18:30:00 என்ற நேரமோ 66600 என்ற எண்ணாகிவிடும், அதாவது நள்ளிரவிலிருந்து கழிந்த விநாடிகள். பார்வைக்கு எந்தத் தவறும் தெரியாது. மாலை விளக்கு மட்டும் எரியாது. வேறோரிடத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது ஒரே தலைப்பு இருமுறை வந்துவிடுவதும் உண்டு. அப்போது பின்னால் வந்ததே நிற்கும், முன்னது மறையும்.

கோப்பையே படிக்க முடியாதபடி பிழை இருந்தால் ஹோம் அசிஸ்டன்ட் மீட்பு நிலையில் எழும். திருத்துவதற்குத் தேவையானவை மட்டும் அப்போது இயங்கும். ஒரு கருவிக்கான பகுதியில் மட்டும் பிழை என்றால் அந்தக் கருவி மட்டும் விலகி நிற்கும். இரண்டிலும் முதலில் பார்க்க வேண்டியது பதிவேடு. அதில் நூறு பிழைகள் குவிந்திருக்கலாம். நேரப்படி முதலில் வந்ததைப் பிடித்தால் மற்றவற்றில் பல தாமே போய்விடும். பதிவேடு சுட்டும் வரி எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. தவறு அதற்கு முந்தைய வரியில் இருப்பது அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அமைப்பைச் சரிபார்க்கும் வசதியை ஓட்டிய பிறகே மறுதொடக்கம் செய்வது நல்லது.

நேற்றுவரை சரியாக இருந்த கோப்பு இன்று பிழையாவதும் உண்டு. 2021.7 பதிப்பு அதற்கு நல்ல உதாரணம். இடைநிலை ப்ராக்ஸி வழியாக வரும் கோரிக்கைகளை, அந்த ப்ராக்ஸியின் முகவரி நம்பகமானவற்றின் பட்டியலில் இல்லாவிட்டால், அந்தப் பதிப்பு 400 என்ற பிழையுடன் மறுத்தது. வீட்டுக்குள் நேரடி முகவரியில் எல்லாம் ஓடும். ப்ராக்ஸி வழியாக வெளியிலிருந்து வந்தால் கதவு திறக்காது. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் அது, வெளியீட்டுக் குறிப்பிலும் எழுதப்பட்டிருந்தது. புதுப்பிக்கும் முன் அந்தக் குறிப்பில் பழைய அமைப்பை முறிக்கும் மாற்றங்கள் என்ற பகுதியையாவது படித்துவிட வேண்டும்.

ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில் இயங்கும் கருவிகளை இணைக்கும் யுஎஸ்பி குச்சி மறுதொடக்கத்துக்குப் பின் காணாமல் போனால், கணினி அதற்கு ஒதுக்கிய எண் மாறியிருக்கலாம். அந்த எண்ணைக் கொண்ட பாதைக்குப் பதிலாகக் கருவியின் அடையாளத்தைக் கொண்ட நிலையான பாதையை எழுதினால் இந்தத் தொல்லை வராது.

எதுவும் பலிக்காதபோது முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். ஆனால் புதிய பதிப்பு தரவுத்தளத்தின் கட்டமைப்பையும் மாற்றியிருக்கக்கூடும். அதைப் பழைய பதிப்பால் கையாள முடியாமல் போகலாம். ஆகவே மென்பொருளை மட்டும் பின்னுக்கு இழுக்காமல், புதுப்பிக்கும் முன் எடுத்த முழு காப்பு நகலிலிருந்தே மீட்க வேண்டும். அந்த நகல் அதே எஸ்டி கார்டில் மட்டும் இருந்தால், கார்டு பழுதாகும்போது அதுவும் சேர்ந்தே போய்விடும்.