குழந்தையின் உயரமும் குடும்பத்தின் வாழ்க்கையும்: கோலார் தங்கவயல் கற்பிக்கும் பாடம்

பள்ளி ஆசிரியர் எவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்பு மாணவர்களை உயர வரிசையில் நிறுத்தினால், ஒரே மாதத்தில் பிறந்த இருவரிடையே அரைச் சாண் வேறுபாடு காணப்படும். குட்டையான சிறுவனைச் சுட்டி, "அவன் குடும்பவாகு அப்படி" என்று சொல்லி நாம் அமைந்து விடுகிறோம். பாடத்தில் பின்தங்கினாலும் இதே விடைதான் நம் நாவில் எழுகிறது. இவ்விடை பாதியளவே உண்மை. எஞ்சிய பாதி எங்கே இருக்கிறதென்பதை அறிய, கருநாடக மாநிலத்தின் ராபர்ட்சன்பேட்டையும் அதைச் சூழ்ந்த கோலார் தங்கவயலும் நல்ல எடுத்துக்காட்டாகும்.

பரம்பரையின் பங்கு எவ்வளவு?

பெற்றோரின் உயரம் பிள்ளையின் உயரத்தைப் பாதிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பரம்பரை ஓர் எல்லையை மட்டுமே வகுக்கிறது. அவ்வெல்லையை எட்டுவதும் எட்டாமல் நிற்பதும் வளரும் சூழலைப் பொறுத்தவை. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 குழந்தைகளை அளந்து ஆராய்ந்தது. தாய்ப்பால், தூய்மையான இல்லம், தடுப்பூசி, புகைபிடிக்காத தாய் ஆகிய நலன்களைப் பெற்ற குழந்தைகளே இவ்வாய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இந்தியாவின் சார்பில் டில்லிக் குழந்தைகள் இடம் பெற்றனர். ஐந்து வயது வரையில் ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே விதமாக வளர்ந்தனர். நாட்டுக்கு நாடு காணப்பட்ட வேறுபாடு மிகச் சிறிது. ஒரே ஊர்க் குழந்தைகளுக்குள் காணப்பட்டதே பெரிது. இம்முடிவின்மேல் அமைந்த வளர்ச்சி அளவைகள் 2006இல் வெளிவந்தன. இன்று அங்கன்வாடியில் நாம் நிரப்பும் வளர்ச்சி அட்டை இவ்வளவைகளை அடிப்படையாகக் கொண்டதே.

இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் நாட்டு நிலையைக் காண்போம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 67.1 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. நல்ல சூழலில் பிறர்க்கு நிகராக வளரக்கூடிய குழந்தைகள் மூவரில் ஒருவர் குறைந்து நிற்பதேன்? காரணம் அவர்களுடைய வாழ்க்கையில் இருக்கிறது.

சுரங்கத்தைச் சுற்றி எழுந்த ஊர்

தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் பெருமளவில் சுரங்கத் தொழிலை நடத்தினர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களினின்றும் தமிழ் மக்கள் பெருந்திரளாக வந்து குடியேறினர். மூங்கில் தட்டிகளால் அமைந்த குடிசைகளிலும், பின்னர் "லைன்" எனப்பட்ட வரிசை வீடுகளிலும் அவர்கள் வாழ்ந்தனர். ஓர் அறையே சமையலறை, அதுவே படுக்கையறை. இரவு வேலை முடித்து வந்தவர் உறங்குவதும் பிள்ளை படிப்பதும் அடுப்பு புகைவதும் அங்கேயே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுரங்கத்தை ஒட்டிய நெரிசலுக்கு வெளியே, நேர் தெருக்களும் குறுக்குத் தெருக்களுமாக ஒரு நகரம் வகுக்கப்பட்டது. மைசூரில் ரெசிடெண்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சனின் பெயரால் அது ராபர்ட்சன்பேட்டை ஆயிற்று. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியே தண்ணீர் வந்தது. அகன்ற தெரு, காற்றோட்டம், குழாய் நீர் ஆகியவை வசதிகள் மட்டுமல்ல. நோயைக் குறைக்கும் மருந்துகளுமாகும். அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் குழந்தை உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாது. ஆகவே குழந்தையின் உயரத்தில் சமையலறைக்கு உள்ள பங்கு தண்ணீர்க் குழாய்க்கும் உண்டு.

தந்தையின் நுரையீரலும் மகனின் படிப்பும்

தங்கம் வெண்கல் பாறையில் படிந்து கிடந்தது. வெண்கல் என்பது சிலிக்கா. அதைத் துளையிடும்போது எழும் தூளில், கண்ணுக்குப் புலனாகாத நுண் துகள்கள் மூச்சுடன் நுரையீரலின் கடைசி அறை வரை சென்று தங்குகின்றன. அவற்றை விழுங்கி அழிக்க முயலும் உயிரணுக்கள் தாமே அழிகின்றன. அவ்விடத்தில் தழும்பு உண்டாகி, நுரையீரல் இறுகுகிறது. இதுவே சிலிக்கோசிஸ். இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இந்நோயுடையோரைக் காசநோயும் எளிதில் பற்றும்.

1940களில் தங்கவயலில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் இந்நோய் காணப்பட்டதாக 1947இல் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது. இந்தியத் தொழில் மருத்துவ வரலாற்றில் இது முதன்மையான சான்றுகளுள் ஒன்று. துளைக்குமிடத்தில் நீர் பாய்ச்சுதல், காற்றோட்டம், மார்பு எக்ஸ்ரே ஆகியவையே இதற்குத் தடுப்பு.

தொழிலாளியின் நோய் அவரோடு நிற்பதில்லை. நாற்பது வயதில் மாடிப்படி ஏற இயலாமல் மூச்சு வாங்கும் தந்தை, முழுக் கூலி ஈட்ட இயலாதவராகிறார். வீட்டில் பாலும் பருப்பும் குறைகின்றன. மூத்த மகன் வகுப்பறையை விட்டு வேலைக்குப் போகிறான். கருவுற்ற தாய் தன் பங்கைக் குறைத்துப் பிறருக்கு இடுகிறாள். காசநோய் இருப்பின் அதே அறையில் உறங்கும் குழந்தையையும் தொற்றுகிறது. பாறையில் எழுந்த தூள் இவ்வாறு இரண்டு தலைமுறையைத் தொட்டுவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத வரி

1902ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியிலுள்ள டோல்கோத் சுரங்கத்தில் தொழிலாளர் பலர் வெளிறிச் சோர்ந்தனர். ஹால்டேன் என்னும் விஞ்ஞானி ஆராய்ந்து, குடலில் வாழும் கொக்கிப்புழுவே காரணமென்று கண்டார். இக்கார்ன்வாலிலிருந்துதான் தங்கவயலுக்கும் சுரங்க நிபுணர் பலர் வந்தனர். வெப்பமும் ஈரமும் உள்ள மண்ணில் மலம் கலந்தால் இப்புழுவின் குஞ்சுகள் பெருகும். வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலில் ஒட்டி, நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தத்தைக் குடிக்கும். உண்ணும் உணவின்மேல் விதிக்கப்பட்ட வரி என்று இதனைக் கூறலாம்.

இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்த குழந்தை விரைவில் களைப்படையும், கவனம் சிதறும், கற்றது மனத்தில் நிற்பது கடினமாகும். ஆசிரியர் இதைச் சோம்பல் என்று கருதக்கூடும். கழிவறை, காலணி, பூச்சி மாத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்தே இவ்வரியை நீக்க வல்லன. ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்தால் புழு மீண்டும் வரும்.

கருவறையில் தொடங்கும் கணக்கு

வளர்ச்சி பிறந்த நாளில் தொடங்குவதன்று. மைசூரிலுள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை பதிவேடுகளில் குறித்து வைக்கப்பட்டிருந்தது. அக்குழந்தைகள் முதியோரானபின் ஆராய்ச்சியாளர் அவர்களைத் தேடிக் கண்டு பரிசோதித்தனர். பிறக்கும்போது எடை குறைந்திருந்தவர்களிடையே இதய நோய் மிகுதியாகக் காணப்பட்டது. அம்முடிவு 1996இல் வெளிவந்தது. தாயின் வயிற்றில் பட்டினியை உணர்ந்த உடல், கிடைத்ததைச் சேமிக்கும் முறையில் அமைந்துவிடுகிறது. பிற்காலத்தில் உணவு மிகுந்து உழைப்புக் குறைந்தால் நீரிழிவும் இதய நோயும் எளிதில் வருகின்றன என்பது அறிஞர் கூறும் விளக்கம். கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது நிறையும் வரையுள்ள ஆயிரம் நாட்கள் ஆகவே மிகவும் விலைமதிப்புள்ளவை. ஏதோ ஒரு செவிலியர் ஒவ்வொரு குழந்தையையும் தவறாமல் நிறுத்து எழுதிய எண்ணே அறுபது ஆண்டுகளுக்குப் பின் இவ்வுண்மையைக் காட்டிற்று என்பதைக் களப்பணியாளர் நினைவில் கொள்ளல் நலம்.

இன்றைய தங்கவயல்

மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்ற சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. தொழில் நின்றதேயன்றி, அதன் விளைவுகள் நிற்கவில்லை. தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட மண் சயனைடு மேடுகளாகக் குன்றுபோல் நிற்கிறது. கடுங்காற்று வீசும் நாட்களில் அதன் தூசி குடியிருப்புகளில் படிகிறது. கோலார் மாவட்டத்தின் பல இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்துள்ளது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அந்நீர் குடிக்க ஏற்றதன்று. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உருவாகும் பற்களில் அது கறையை உண்டாக்கும். அளவு மிகுந்து பல்லாண்டு தொடர்ந்தால் எலும்பையும் தாக்கும். கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு நீங்காது என்பதை மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுவோர் இப்பகுதியில் ஏராளம். விடியுமுன் புறப்பட்டு இருட்டியபின் திரும்பும் பெற்றோரின் பிள்ளைகள், காலை உணவின்றியோ கடையில் வாங்கிய தின்பண்டத்துடனோ பள்ளிக்கு வருதல் இயல்பு. பெற்றோரின் முகம் காண விழித்திருந்து, நேரங்கழித்து உறங்குவதும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களுக்கு இரவு ஒன்பது மணி நேரமேனும் உறக்கம் வேண்டும். உடல் வளரத் துணைபுரியும் சுரப்பு ஆழ்ந்த உறக்கத்திலேயே மிகுதியாகச் சுரக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர், ஆண்டுக்கு இருமுறை மாணவர்தம் உயரத்தையும் எடையையும் அளந்து குறிக்கலாம். ஒருமுறை எடுத்த அளவு ஒரு செய்தி மட்டுமே. இரு அளவுகளுக்கிடையேயுள்ள வேறுபாடே வளர்ச்சியைக் காட்டும். ஆறு மாதத்தில் அளவு நகராத குழந்தையை மருத்துவரிடம் அனுப்புக. தேசியக் குடற்புழு நீக்க நாளில் வராத பிள்ளைகளின் பெயரைக் குறித்துக்கொண்டு பின்னர் மாத்திரை கிடைக்கச் செய்க. வகுப்பில் உறங்கும் சிறுவனைக் கண்டிக்குமுன், காலையில் என்ன உண்டான், இரவு எப்போது உறங்கினான் என்று கேட்க.

களப்பணியாளர், கருவுற்ற தாயின் எடையையும் பிறந்த குழந்தையின் எடையையும் தவறாது குறிக்க. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் இவ்வட்டாரத்தில் விளையும் கேழ்வரகே அரிய துணை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு; அரிசியில் அதன் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. முளைகட்டி உலர்த்தி அரைத்தால் அதன் இரும்புச் சத்தும் உடலில் நன்கு சேரும். உணவுடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருத்தல் நன்று. உண்டவுடன் தேநீர் அருந்துவது நன்றன்று.

முன்னாள் சுரங்கத் தொழிலாளர் இல்லங்களில், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவரைச் சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் அழைத்துச் செல்க. புகைபிடிப்பதை நிறுத்தச் சொல்க. மேடுகளின் அருகில் வாழ்வோர் வீட்டைத் துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடைப்பது மேல். பிள்ளைகளை மேடுகளின்மீது விளையாட விடலாகாது. குடிநீரை ஆண்டுதோறும் சோதிக்கச் செய்க.

இவற்றுள் எதுவும் பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. தங்கவயல் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ எண்ணூறு டன் தங்கத்தை நாட்டுக்கு அளித்தது. அதைத் தோண்டியெடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று ராபர்ட்சன்பேட்டைப் பள்ளிகளில் உயர வரிசையில் நிற்கின்றனர். வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து "குடும்பவாகு" என்று கூறுமுன், அவன் அருந்தும் நீரையும், சுவாசிக்கும் காற்றையும், உண்ணும் உணவையும், உறங்கும் நேரத்தையும் ஒருமுறை விசாரிப்போமாக. பரம்பரையை மாற்ற நம்மால் இயலாது. இந்நான்கையும் மாற்ற இயலும்.